ஒன்பதாம் பெட்டி

லெனின்கிராடு
9 அக்டோபர் 1986

அன்புள்ள காப்பா அக்காவுக்கு,

முதலில் உடம்பு விஷயத்தை எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ மேற்கொண்டு படிக்கமாட்டாய். ரத்த அழுத்தம் அடங்கியிருக்கிறது. பல்லில் பாதி என்னுடையது, பாதி அரசாங்கத்துடையது. உன் முழங்கை எப்படி இருக்கிறது? இப்போதும் மழைக்கு முன்னால் வலிக்கிறதா?

புத்தாண்டு அட்டைகளை விட்டால் நான் உனக்கு ஒழுங்காகக் கடிதம் எழுதிப் பல காலம் ஆயிற்று. திட்டாதே. விஷயம் இருந்தால்தானே எழுத முடியும்? இப்போது இருக்கிறது.

'தோணிக்காரி'யை வெளியே எடுக்கிறார்கள், அக்கா! தடைபட்டுப் பெட்டிக்குள் முடங்கிக் கிடக்கும் படங்களைப் பார்த்து முடிவு செய்ய ஒரு குழு போட்டிருக்கிறார்கள். போன வியாழக்கிழமை என் படத்தைப் போட்டார்கள். பதினெட்டு வருஷம் கழித்து ஒரு அறையில் ஒன்பது பேர் உட்கார்ந்து அதைப் பார்த்தார்கள். நான் சுவரோரமாக நின்றிருந்தேன்.

எட்டுப் பெட்டி வரைக்கும் எல்லாம் ஒழுங்கு. ஒன்பதாம் பெட்டியைத் திறந்து மாட்டினார்கள். திரையில் என்ன வந்தது தெரியுமா? நூலுக்கு நார் எடுப்பார்களே, அந்த ஆளிச் செடி! கூட்டுப்பண்ணைப் பெண்கள் வரிசையாக நின்று ஆளிச் செடியைப் பிடுங்கிக் கட்டுகிறார்கள், பின்னால் எக்காளம் முழங்குகிறது. யாரோ பழைய செய்திப்படத்தை என் பெட்டிக்குள் வைத்து மூடியிருக்கிறார்கள்.

விளக்கைப் போட்டதும் பெர்ஷின் என்ற இளம் விமர்சகர் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இக்னாத் கோந்த்ராத்யெவிச், கடைசியில கதையையே உதறிட்டு வயலுக்குப் போயிட்டீங்களே, என்னா துணிச்சல்!"

"அது செய்திப்படம்ப்பா."

"அதத்தான் சொல்றேன். செய்திப்படத்தக்கூடக் கலையாக்கிட்டீங்க!"

சிரிக்காதே. குழுவில் மூன்று பேர் அவர் கட்சி. நெகட்டிவை அறுபத்தொன்பதிலேயே அழித்துவிட்டார்கள், வேறு பிரதியும் கிடையாது. ஏப்ரல் 11-ஆம் தேதி முதல் காட்சி என்று குறித்திருக்கிறார்கள். அதற்குள் உண்மையான ஒன்பதாம் ரீல் கிடைக்காவிட்டால் என் படம் ஆளி அறுவடையோடுதான் முடியும்.

இன்னொன்று. அந்தச் செய்திப்பட ரீலின் முனையை ஒரு துணிக் கீற்றால் கட்டியிருந்தார்கள். இங்கே ஸ்டூடியோவில் யாரும் துணியால் கட்டுவதில்லை, ரப்பர் வளையம்தான். வெள்ளைத் துணி, நீலப் புள்ளி போட்டது. சும்மா எழுதுகிறேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
தம்பி இக்னாத்

*

கினேஷ்மா
23 நவம்பர் 1986

தம்பி இக்னாஷாவுக்கு,

உன் கடிதம் வந்து மாதம் ஒன்றுக்கு மேல் ஆகிவிட்டது. முட்டைக்கோஸை உப்பில் போடுகிற சமயம், உட்கார நேரம் ஏது? இரண்டு பீப்பாய் நிரப்பியாயிற்று. நிலவறையில் கால் வைக்க இடமில்லை. முழங்கையைக் கேட்டாயே, முப்பத்தொரு வருஷம் படப்பெட்டி தூக்கிய கை, வலிக்காமல் பாட்டா பாடும்? மற்றபடி குறையில்லை. உன் அரசாங்கப் பல்லை நன்றாகத் தேய்.

படம் வெளியே வருகிறது என்று படித்ததும் அழுதேன். அம்மா கல்லறைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். 19-ஆம் தேதி அவள் நினைவு நாள் அல்லவா? வழக்கம்போல அப்பம் சுட்டுப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தேன்.

இங்கே மில் கிளப்பில் இப்போது ஸ்தெபான்தான் ஆபரேட்டர். படம் தலைகீழாக ஓடினாலும் ஜனங்கள் கத்தினால்தான் அவனுக்குத் தெரியும். நான் போய் அவ்வப்போது மிஷினைத் துடைத்து எண்ணெய் போட்டுவிட்டு வருகிறேன். ஓய்வு பெற்று எட்டு வருஷமாயிற்று என்று எனக்குத்தான் தெரியும், கைக்குத் தெரியவில்லை.

ஆளியைப் பற்றி எழுதியிருந்தாய். ஆளி நல்ல செடி. அந்த வருஷம் விளைச்சலும் நன்றாகத்தான் இருந்தது. நீலப் புள்ளித் துணி எங்கள் மில்லில் மட்டுமா நெய்கிறார்கள்? ரஷ்யா முழுக்கப் பாதிப் பெண்கள் அதைத்தான் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

பக்கத்து வீட்டு அன்ஃபீசா உன்னிடம் ஒரு சந்தேகம் கேட்கச் சொன்னாள். அரசாங்கச் சாமான் ஒன்று, ஒரு ஏணி என்று வைத்துக்கொள், ஒருவர் வீட்டில் பதினெட்டு வருஷம் இருந்துவிட்டால் என்ன செய்வார்கள்? பென்ஷனை நிறுத்துவார்களா? அவளுக்குத் தூக்கமே வரவில்லையாம்.

உடம்பைப் பார்த்துக்கொள். தொப்பி இல்லாமல் வெளியே போகாதே.

காப்பா

*

லெனின்கிராடு
2 டிசம்பர் 1986

அன்பு அக்கா,

தொப்பி போட்டிருக்கிறேன். வீட்டுக்குள்ளேயே போட்டிருக்கிறேன், வெப்பக் குழாய் கெட்டுவிட்டது. முழங்கைக்குத் தேனீ மெழுகுத் தைலம் ஒன்று தனியாக அனுப்புகிறேன், தடவிப் பார்.

அன்ஃபீசாவிடம் சொல்: எனக்குத் தெரிந்த வக்கீலிடம் நேரில் போய்க் கேட்டேன். ஏணியைத் திருப்பிக் கொடுத்தால் யாரும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். நன்றிதான் சொல்வார்கள். ஏணி நனையாமல், வளையாமல் இருக்கிறதா என்று மட்டும் கேட்டு எழுது.

பெர்ஷினை வீட்டுக்குக் கூப்பிட்டு டீ கொடுத்து உண்மையான முடிவைச் சொன்னேன். படம் முழுக்கத் தோணிக்காரி ஜனங்களை அக்கரைக்குக் கொண்டுபோய் விடுகிறாள். கல்யாண வீட்டார், குடிகாரன், அதிகாரி, ஆடு, எல்லாம் ஏறி இறங்குகிறது. ஒருவரும் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. கடைசியில் ஒரு கிழவி இறங்குகிறாள். கரையேறிப் போய்விட வேண்டும், அவ்வளவுதான் நான் எழுதியது. அதற்கென்று வந்த நடிகைக்கு அன்று காய்ச்சல். நம் ஊரில்தானே எடுத்தோம், மதியச் சாப்பாடு கொண்டுவந்த அம்மாவையே தோணியில் ஏற்றினேன். அம்மா இறங்கினாள், நாலு எட்டு வைத்தாள், திரும்பினாள். தோணிக்காரியைப் பார்த்துச் சிலுவை போட்டு, இடுப்பு வரைக்கும் குனிந்து வணங்கினாள். நான் சொல்லவே இல்லை. பன்னிரண்டு நொடி.

"அம்மா, இன்னொரு தரம் எடுத்துக்கலாமா?" என்றேன்.

"எறங்குனவ எதுக்குடா மறுபடி ஏறணும்?" என்றாள்.

பெர்ஷின் டீயை ஆறவிட்டுவிட்டார். "அப்ப அந்த ஆளிச் செடி?" என்றார். பாவமாக இருந்தது.

அந்தப் பன்னிரண்டு நொடியை வெட்டு என்றுதான் மேலே சொன்னார்கள். சோவியத் நாட்டில் கிழவி சிலுவை போடுவதா என்று கேட்டார்கள். நான் மறுத்ததாகத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். அப்புறம் என்னிடம் கதைப்படம் யாரும் கொடுக்கவில்லை. பால் கேனை எப்படிக் கழுவுவது, கேஸ் அடுப்பை எப்படி அணைப்பது, சாலையை எப்படிக் கடப்பது என்று முப்பத்தொரு பாடப்படம் எடுத்தேன். குறை சொல்லமாட்டேன். வோலக்தாவிலிருந்து ஒரு பால்காரப் பெண் எழுதினாள், உங்கள் படம் பார்த்த பிறகு எங்கள் பால் திரிவதே இல்லை என்று. பதினெட்டு வருஷத்தில் எனக்கு வந்த ஒரே ரசிகர் கடிதம் அது. மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

முதல் நாள் படப்பிடிப்பில் உடைத்த தட்டு நினைவிருக்கிறதா? படப் பெயரை எழுதி, கேமரா காலில் அடித்து உடைத்து, ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொண்டோமே. படம் வெளியாகும்போது ஒட்டவேண்டும் என்பது வழக்கம். துண்டுகளைச் சேர்க்கிறேன். ஒளிப்பதிவாளர் போய்ச் சேர்ந்துவிட்டார், அவர் மனைவி துண்டைப் பஞ்சில் சுற்றி அனுப்பியிருக்கிறாள். பதினொன்றில் ஒன்பது வந்தாயிற்று.

இக்னாத்

*

கினேஷ்மா
28 டிசம்பர் 1986

இக்னாஷா,

புத்தாண்டு வாழ்த்துகள். வருகிற வருஷம் உனக்கு நல்லதையே கொண்டுவரட்டும். தைலம் நாற்றம் தாங்கவில்லை, ஆனால் கேட்கிறது. நான் சுகம். காட்டுப்பழ ஜாம் இரண்டு பாட்டில் அனுப்பியிருக்கிறேன், உடையாமல் வந்ததா?

அம்மாவின் துண்டும் என்னுடையதும் என்னிடம் இருக்கின்றன. "நல்ல தட்ட ஒடச்சிட்டுச் சிரிக்கிறீங்களேடா" என்று அன்று எவ்வளவு திட்டினாள்! ஆனாலும் தன் துண்டை உப்பு ஜாடிக்கு மூடியாக வைத்திருந்தாள். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

ஏணி நனையவில்லை, வளையவில்லை என்று அன்ஃபீசா சொன்னாள். கொஞ்சம் கீறல் விழுந்திருக்கிறதாம். அடிக்கடி எடுத்துப் புழங்கியிருக்கிறாள் போல.

காப்பா

*

லெனின்கிராடு
11 ஜனவரி 1987

அன்பு அக்கா,

ஜாம் முழுசாக வந்தது. ஒரு பாட்டில் காலி. உனக்கும் புத்தாண்டு சுகமாக அமையட்டும், முழங்கை உட்பட.

கீறல் பரவாயில்லை! எவ்வளவு கீறல் இருந்தாலும் பரவாயில்லை. அன்ஃபீசாவுக்கு என் சார்பில் ஒரு முத்தம் கொடு. அவள் காலில் விழக்கூடத் தயார் என்று சொல். எப்படிக் கொடுப்பது, யாரிடம் கொடுப்பது என்று அவள் யோசிக்கட்டும், அவசரமில்லை. அவசரம்தான், ஆனாலும் அவசரமில்லை.

இன்னொன்று கேட்கவேண்டும். அறுபத்தெட்டு அக்டோபரில் தொழிலாளர் கருத்துக் கேட்கிறோம் என்று படத்தை உங்கள் கிளப்புக்கு அனுப்பினார்களே, அம்மாவும் வந்து பார்த்தாள், நீதான் மிஷினை ஓட்டினாய். நான் இங்கே மாட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த மாதமே அம்மா போய்விட்டாள். தன்னைத் திரையில் பார்த்துவிட்டு அவள் என்ன சொன்னாள்? அடக்கத்துக்கு வந்தபோது கேட்க வாய் வரவில்லை. அப்புறம் கேட்காமலே வருஷங்கள் போய்விட்டன. எழுது, அக்கா.

இக்னாத்

*

லெனின்கிராடு
20 பிப்ரவரி 1987

அன்பு அக்கா,

நலமா? ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தபால் நிலையத்திலிருந்து ஸ்தெபானுக்குப் போன் போட்டேன். "பாட்டிம்மா நல்லாத்தான் இருக்காங்க, நேத்துக்கூட என்னத் திட்டுனாங்க" என்றான். அப்பாடா என்றிருந்தது.

நான் எதையாவது தப்பாகக் கேட்டுவிட்டேனா? அம்மா படத்தைப் பிடிக்கவில்லை என்று சொல்லியிருந்தாலும் எழுது, தாங்கிக்கொள்வேன்.

குழுவினர் கெடு சொல்லிவிட்டார்கள். ரீலைச் சுத்தம் செய்து புது நெகட்டிவ் எடுக்க லேபுக்கு மூன்று வாரம் வேண்டும். மார்ச் 20-க்குள் ஒன்றும் வராவிட்டால் ஆளியோடு வெளியிடுவார்கள். பெர்ஷின் எனக்காகச் சண்டை போடுகிறார், ஆளியைப் புகழ்ந்த பாவத்துக்குப் பரிகாரமாம்.

ஆனால் படத்தைவிட நீ எனக்குப் பெரிது. ஏணி கிணற்றில் போனாலும் போகட்டும். நீ எழுது.

இக்னாத்

*

கினேஷ்மா
4 மார்ச் 1987

இக்னாத்,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் சரியில்லை. இந்தக் கடிதத்தை ஆறு தடவை ஆரம்பித்துவிட்டேன்.

அன்ஃபீசாவிடம் ஏணி கிடையாது. அது உனக்கும் தெரியும்.

ஒன்பதாம் ரீல் என் நிலவறையில் இருக்கிறது. முட்டைக்கோஸ் பீப்பாய்க்குப் பின்னால், மர அலமாரியில், கோடையிலும் குளிர்ச்சியான இடத்தில். வருஷத்துக்கு இரண்டு தடவை பிரித்து, காற்றாட வைத்து, திரும்பச் சுற்றுகிறேன். மாதத்தின் முதல் திங்கள், கிளப்புக்கு விடுமுறை நாளில், காலையில் சாவி வாங்கிக்கொண்டு போய் அம்மாவைப் பார்ப்பேன். நானே மிஷினை ஓட்டிவிட்டு, கேபின் ஜன்னல் வழியாக நின்றபடியே பார்ப்பேன். பத்து நிமிஷம். பதினெட்டு வருஷமாக. அதனால்தான் கீறல். அம்மா வருகிற இடத்தில் திரை முழுக்கக் கோடு விழுந்து மழையாகக் கொட்டுகிறது. ஆபரேட்டராக இருந்துகொண்டு ஒரு ரீலை இப்படித் தேய்த்ததற்கு வேறு யாராவதாக இருந்தால் நானே வேலையை விட்டுத் துரத்தியிருப்பேன்.

இது சின்ன விஷயம். பெரியதை இனிமேல்தான் எழுதவேண்டும்.

அன்று படம் முடிந்ததும் ஸ்டூடியோவிலிருந்து பெட்டிகளோடு வந்த ஆளுக்கு நம் வீட்டில் டீ கொடுத்தேன். அவன் அம்மா முன்னாலேயே சொன்னான்: "உங்க மகன் பிடிவாதம் பிடிக்கிறாரு. அந்தப் பன்னெண்டு நொடிய மட்டும் வெட்டிட்டா படம் பாஸ். இல்லன்னா அவரு இனிமே படமே எடுக்கமுடியாது." அவன் போன பிறகு அம்மா டீக் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்தாள். அப்புறம் என்னைக் கூப்பிட்டாள்.

"காப்பா, இன்னிக்கே அவனுக்கு எழுது. பன்னெண்டு நொடிக்காகவா பொழப்பக் கெடுத்துக்குவான்? வெட்டிடச் சொல்லு. நான்தான் வீட்ல உயிரோட இருக்கேனே, நேர்ல வந்து பாத்துக்கட்டும்னு எழுது."

எழுதுகிறேன் என்றேன். எழுதவில்லை.

ஏன் என்று கேட்பாய். அம்மா சொன்னால் நீ கேட்டுவிடுவாய், வெட்டிவிடுவாய், அதனால்தான். நான் ஆயிரக்கணக்கான படம் ஓட்டியிருக்கிறேன். அந்த வணக்கம் மாதிரி ஒன்றை என் மிஷின் வழியாக ஒருநாளும் பார்த்ததில்லை. போக விட மனசு வரவில்லை. மறுநாள் காலை பெட்டிகளைக் கட்டும்போது ரீலை எடுத்துவிட்டு, கிளப்பின் செய்திப்படத்தை வைத்து மூடினேன். கிளப் பதிவேட்டில் அந்தச் செய்திப்படம் 'தேய்ந்துபோனது' என்று எழுதினேன்.

உன்னைக் கேட்காமலே உன் வாழ்க்கையை நான் முடிவு செய்துவிட்டேன், இக்னாஷா. நீ பால் கேன் கழுவியதெல்லாம் என்னால். ஒரு கடிதம் போட்டிருந்தால் நீ எத்தனையோ படம் எடுத்திருப்பாய். அடக்கத்துக்கு நீ வந்து நின்றபோதும் சொல்லவில்லை. ஒவ்வொரு புத்தாண்டு அட்டையிலும் எழுத நினைத்து, உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுதினேன்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. தெரியட்டும் என்றுதான் எழுதினேன்.

காப்பா

*

கினேஷ்மா
14 மார்ச் 1987

இக்னாத்,

நலம் விசாரிக்கும் உரிமை எனக்கு இருக்கிறதா தெரியவில்லை. இருந்தாலும் நீ சுகமாக இருக்கவேண்டும்.

பத்து நாளாகப் பதில் இல்லை. புரிந்துகொண்டேன். நான் உன் இடத்தில் இருந்தால் நானும் எழுதியிருக்கமாட்டேன்.

ரீலை அனுப்பிவிட்டேன். லெனின்கிராடு ரயில், ஏழாம் கோச், பணிப்பெண் பெயர் ராயிசா, சிவப்புத் தலைமுடி. 16-ஆம் தேதி காலை வந்து சேரும், தந்தியும் கொடுத்திருக்கிறேன். மாவுச் சாக்கில் சுற்றி, மேலே 'உலர்ந்த காளான்' என்று எழுதியிருக்கிறேன். சாக்குக்குள் அம்மாவின் தட்டுத் துண்டும் இருக்கிறது. என் துண்டை அனுப்பவில்லை. அதை அந்தத் தட்டில் ஒட்ட எனக்கு முகம் இல்லை.

கடைசியாக ஒரு தடவை போன திங்கள் அம்மாவைப் பார்த்தேன். சாவியை ஸ்தெபானிடமே கொடுத்துவிட்டேன்.

அக்கா

*

லெனின்கிராடு
18 மார்ச் 1987

என் அன்பு அக்கா,

காளான் வந்து சேர்ந்தது. நேற்று லேபுக்குக் கொடுத்துவிட்டேன். அங்கே ஒரு பெண் ரீலை முகர்ந்து பார்த்துவிட்டு, "இக்னாத் கோந்த்ராத்யெவிச், உங்க படத்துல ஏன் ஊறுகாய் வாசனை அடிக்குது?" என்று கேட்டாள். எங்கள் குடும்பத்து வாசனை என்றேன்.

கோபத்தில் பதில் போடாமல் இருந்தேன் என்று நினைத்தாயா? நான்கு கடிதம் எழுதிக் கிழித்தேன். உன் கடிதத்துக்குப் பதில் எழுதினால் என் விஷயத்தையும் எழுதியாகவேண்டும். அதற்குத்தான் தைரியம் வரவில்லை.

இப்போது எழுதுகிறேன். படப்பெட்டிகள் கினேஷ்மாவிலிருந்து திரும்பிவந்த மறு வாரம், அறுபத்தெட்டு அக்டோபர் கடைசியில், நான் வெட்டச் சம்மதித்துவிட்டேன்.

ஆமாம் அக்கா. ஊரெல்லாம் மறுத்தவன் என்று சொல்கிறதே, அந்த நான்தான். எனக்கு நாற்பத்தொரு வயது, அடுத்த படத்தின் திரைக்கதை தயாராக மேசையில் இருந்தது, பயமாக இருந்தது. முதலில் பிரதியில் வெட்டிக் காட்டு, அப்புறம் நெகட்டிவில் வெட்டலாம் என்றார்கள். காலையில் யாரும் வருவதற்கு முன்னால் எடிட்டிங் அறைக்குப் போனேன். கத்தரிக்கோலை எடுத்து மேசைமேல் வைத்தேன். அப்போது நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அம்மாதான் உயிரோடு இருக்கிறாளே, நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று. அவள் சொன்ன அதே வார்த்தை. உன் கடிதத்தில் அந்த வரியை இரண்டு தடவை படித்தேன்.

ஒன்பதாம் பெட்டியைத் திறந்தேன். நீலப் புள்ளித் துணிக் கீற்று. அம்மா அந்தக் காட்சியில் தலையில் கட்டியிருக்கிறாளே, அதே துணி. யார் கட்டிய முடிச்சு என்று கேட்கவேண்டுமா? பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஆளி அறுவடை.

வெட்ட ரீல் இல்லை என்று வெளியே சொன்னால் விசாரணை வரும், உன் வாசலில் ஆள் வந்து நிற்பார்கள். அதனால் துணியைத் திரும்பக் கட்டி, பெட்டியை மூடி, மாடியில் அதிகாரிகளிடம் போனேன். "வெட்டமாட்டேன்" என்றேன். மூன்று பேர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். "யோசிச்சுத்தான் சொல்றியா?" என்று கேட்டார்கள். "நல்லா யோசிச்சுட்டேன்" என்றேன். என் வீரம் இவ்வளவுதான்.

போன அக்டோபரில் ஆளியைப் பார்த்து அதிசயப்பட்ட மாதிரி எழுதினேனே, நடிப்பு. எத்தனையோ பேருக்கு நடிப்புச் சொல்லிக் கொடுத்தவன், எனக்கே சரியாக வரவில்லை. நீ சொல்வாய் என்று நான் காத்திருந்தேன், நான் கேட்பேன் என்று நீ காத்திருந்தாய். கேட்டால் நான் கத்தரிக்கோலோடு போனது வெளியே வந்துவிடும் என்று பயந்தேன். பதினெட்டு வருஷம் உன் மௌனத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன், அக்கா.

நீ என் வாழ்க்கையைக் கெடுத்ததாக எழுதியிருக்கிறாய். கேள். நீ அம்மா சொன்னதை எழுதியிருந்தால் நான் இன்னும் சீக்கிரம் கத்தரிக்கோலை எடுத்திருப்பேன், அவ்வளவுதான் வித்தியாசம். அடுத்த மாதம் அம்மா போய்விட்டாள். அப்புறம் நான் எந்தக் கையால் எந்தப் படம் எடுத்திருப்பேன்? நீ ஒன்றையும் எடுத்துக்கொள்ளவில்லை. என் கையில் இருந்த கத்தரிக்கோலைத்தான் பிடுங்கினாய். அதற்கு நான் உனக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது. பால் கேன் கழுவிய ஒவ்வொரு நாளும் மனசுக்குள் சொல்லியிருக்கிறேன், இப்போதுதான் எழுத்தில் வருகிறது. நன்றி, அக்கா.

தட்டை ஒட்டிவிட்டேன். அம்மாவின் துண்டில் உப்புக் கறை போகவில்லை, அப்படியே ஒட்டினேன். ஓரத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது, உன் துண்டு அளவுக்கு. ஏப்ரல் 10-ஆம் தேதி ரயிலுக்கு டிக்கெட் இதோடு வைத்திருக்கிறேன். முகம் இல்லை என்ற பேச்செல்லாம் வேண்டாம். துண்டைக் கொண்டு வா.

நான் எடிட்டிங் அறைக்குப் போனது உன்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

உன் தம்பி
இக்னாஷா

*

கினேஷ்மா
26 ஏப்ரல் 1987

அன்புத் தம்பி இக்னாஷாவுக்கு,

சுகமாக வீடு வந்து சேர்ந்தேன். ராயிசா வழி முழுக்க டீ கொடுத்து, காளான் எப்படி இருந்தது என்று கேட்டுக்கொண்டே வந்தாள். முழங்கை வலிக்கவில்லை. உன் அழுத்தம் ஏறாமல் பார்த்துக்கொள், முதல் காட்சியன்று மேடையில் உன் காது சிவந்துவிட்டது.

அதை அங்கே சொல்லத்தான் வேண்டுமா? அத்தனை ஜனம்! பெர்ஷின் பாவம், 'வளையாத மனிதர்' என்று அழகாகப் பேசி உன்னை மைக்கருகே கூப்பிட்டார். நீ ஒரு நன்றி சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். "நான் கத்தரிக்கோலோட போனவன்" என்று ஆரம்பித்துவிட்டாய். "எங்க அக்கா திருடி வெச்சதாலதான் நீங்க இப்பப் பாத்தீங்க. பதினாலாவது வரிசையில ஒக்காந்திருக்கா" என்று கையை வேறு நீட்டினாய்.

நீ கண்ணாடி போடாமல் நின்றாய், உனக்குக் கீழே நடந்தது ஒன்றும் தெரிந்திருக்காது. அதனால் எழுதுகிறேன். வரிசை வரிசையாகத் தலைகள் என் பக்கம் திரும்பின. நான் கோட்டுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த பெண், முன்பின் தெரியாதவள், என் கையைப் பிடித்து எழுப்பிவிட்டாள். முதலில் கை தட்டியது பெர்ஷின்தான். அப்புறம் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. முப்பத்தொரு வருஷம் கேபினுக்குள் இருந்தவள், என்னை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. எதுவும் யோசிக்காமல் சிலுவை போட்டு, இடுப்பு வரைக்கும் குனிந்துவிட்டேன். நிமிர்ந்தபோது கைதட்டல் நின்றிருந்தது. ஏன் இப்படிப் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். அப்புறம்தான் நான் என்ன செய்தேன் என்று எனக்கே புரிந்தது. அம்மா அதே மாதிரிதான் குனிந்திருக்கிறாள், இல்லையா?

நன்றி, தம்பி. டிக்கெட்டுக்கு, மீன் சூப்புக்கு, கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டு நீ தரையில் படுத்ததற்கு. நீ கோபப்படாததற்கு. என் துண்டு தட்டில் சரியாகப் பொருந்தியதற்கு. இனிமேலாவது அதில் சாப்பிடுங்கள் என்று அம்மா சொல்லியிருப்பாள்.

ஒரு காரியம் செய். லேபில் பிரமாதமாகச் சுத்தம் செய்திருக்கிறார்கள், ஒரு கீறல் இல்லை. நல்ல வெயிலில் நிற்கிறாள் அம்மா. எல்லாரும் அப்படியே பார்க்கட்டும். ஆனால் எனக்கு அவளை மழையில் பார்த்துத்தான் பழக்கம். புது நெகட்டிவ் எடுத்தாயிற்று, பழைய ரீல் இனி யாருக்கு வேண்டும்? ஏழாம் கோச்சில் அனுப்பிவிடு. சாவியை ஸ்தெபானிடமிருந்து திரும்ப வாங்கிவிட்டேன்.

ஸ்டூடியோவில் யாராவது பழைய ஒன்பதாம் பெட்டி எங்கே என்று கேட்டால், ஆளி அறுவடை உன்னிடம்தானே இருக்கிறது, அதை வைத்து மூடிவிடு. கட்டுவதற்கு அதே நீலப் புள்ளித் துணியில் இன்னொரு கீற்று இதோடு வைத்திருக்கிறேன்.

உன் அக்கா
காப்பா